தேங்கும் சர்க்கரையும் தடிக்கும் இதயமும்

இதயத்தசை நோய் என்பது, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் அடைப்போ, வால்வுகளில் பழுதோ, நெடுநாள் உயர் இரத்த அழுத்தமோ காரணமாக இல்லாமல், இதயச் சுவரை ஆக்கியிருக்கும் தசையே தன் இயல்பு திரிந்து தடித்தோ, விரிந்து மெலிந்தோ, விறைத்தோ போகும் நிலைகளுக்கெல்லாம் வழங்கும் பொதுப்பெயர். எக்கோ எனப்படும் ஒலியலைப் பரிசோதனை அச்சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்பதைத் துல்லியமாக அளந்து காட்டும். அது ஏன் தடித்தது என்பதைக் காட்டும் ஆற்றல் அதற்குக் கிடையாது. 'இதயத்தசைத் தடிப்பு' என்று அறிக்கையில் எழுதப்பட்டவுடன் நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டதாகக் குடும்பமும், சில வேளைகளில் மருத்துவரும்கூட, அமைதியடைந்துவிடுகின்றனர். உண்மையில் அந்தச் சொல் ஓர் அடையாளத்தை மட்டுமே குறிக்கிறது. அதன் பின்னால் நிற்கக்கூடிய காரணங்களுள், உடலின் வேதிவினைகளில் பிறவியிலேயே அமைந்துவிட்ட குறைகள் ஒரு தனி வகை. அவற்றுள் சில உரிய நேரத்தில் கண்டறியப்பட்டால் மருந்துக்குக் கட்டுப்படுபவை. காவிரிக்கரைக் குடும்பங்களின் உறவுமுறைத் திருமண வழக்கங்களை எண்ணிப் பார்க்கையில், திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் இப்பொருளைப் பொதுமக்கள் முன் விரித்துரைப்பதற்குக் கூடுதல் தேவை இருக்கிறது.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இத்தனை உழைப்புக்கும் வேண்டிய ஆற்றலை அது ஏ.டி.பி. என்னும் சிறு மூலக்கூறு வடிவிலேயே செலவிடுகிறது. நாளொன்றுக்கு அது ஆக்கி அழிக்கும் ஏ.டி.பி.யின் மொத்த எடை ஆறு கிலோ அளவுக்கு வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த நொடியிலும் கையிருப்பில் இருப்பது சில நொடித் துடிப்புகளுக்கு மட்டுமே போதுமானது. தசையில் இந்த ஆற்றல் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதை விளக்கிய தொடக்ககால ஆய்வாளர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். அவரும் சைரஸ் ஃபிஸ்கும் 1927-இல் பாஸ்போகிரியாட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் தசையிலிருந்து பிரித்தறிந்தனர். இதயம் தன் எரிபொருளில் பெரும்பகுதியைக் கொழுப்பு அமிலங்களிலிருந்தும், எஞ்சியதைப் பெரும்பாலும் சர்க்கரையிலிருந்தும் பெறுகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தும் வழியில் ஒரே ஒரு படி அறுபட்டாலும், மற்ற உறுப்புகள் சமாளித்துக்கொள்ளும்போது, ஓய்வே அறியாத இதயத் தசை முதலில் தளர்கிறது.

அத்தகைய ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்துகிறது. நொதி என்பது உடலுக்குள் ஒரு குறிப்பிட்ட வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்; அதைச் செய்யும் குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது; தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அம்மரபணுவுக்கு இரு படிகள், அதாவது பிரதிகள், உண்டு. இரண்டும் பழுதாக அமைந்தால் நொதி இல்லாமல் போகிறது, வினை நின்றுபோகிறது. இவ்வகை நோய்களுக்கு 'வளர்சிதை மாற்றத்தின் பிறவிப் பிழைகள்' என்று 1908-இல் பெயர் சூட்டியவர் ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, சிறுநீர் கறுத்துப்போகும் ஒரு நோயை ஆராய்ந்தபோது, அந்நோயுற்றோரின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவினராக இருப்பதை அவர் குறித்து வைத்திருந்தார். உறவுமுறைத் திருமணத்துக்கும் இந்நோய்களுக்கும் உள்ள தொடர்பு, இவ்வாறு இத்துறையின் பிறப்பிலேயே பதிவாகிவிட்டது.

இதயத்தைத் தாக்கும் பிறவி வேதிக்குறைகளுள் முதன்மையாக எடுத்துரைக்கத் தக்கது பாம்பே நோய். பம்பாய் நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை; யோஹனஸ் பாம்பே என்னும் டச்சு நோய்க்கூற்று மருத்துவரின் பெயரால் வழங்குவது இது. 1930 டிசம்பரில், ஆம்ஸ்டர்டாமில் இறந்த ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலை அவர் ஆய்ந்தபோது, இதயம் அளவுக்கு மீறிப் பெருத்திருப்பதையும், அதன் தசைச்செல்கள் வலைபோல் ஓட்டைகள் விழுந்து காணப்படுவதையும், அவ்வோட்டைகளில் கிளைக்கோஜன் நிறைந்திருப்பதையும் கண்டார். 1932-இல் அதை வெளியிட்டார். கிளைக்கோஜன் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கிளைகிளையாகக் கோக்கப்பட்டு, பின்னாளைய தேவைக்கெனக் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் பொருள். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த மறைவு இயக்கத்துக்கு உதவியதற்காக 1945 பிப்ரவரியில் சிறைப்பட்ட பாம்பே, ஏப்ரலில், போர் முடிய மூன்று வாரமே இருந்த நிலையில், சுட்டுக்கொல்லப்பட்டார். தாம் கண்ட நோயின் காரணத்தை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

காரணம் தெரிவதற்கு, செல்லுக்குள் இருக்கும் ஓர் அறை முதலில் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருந்தது. பெல்ஜியத்தின் லூவேன் நகரில் கிறிஸ்டியான் த தூவ் 1955-இல் லைசோசோம் என்னும் நுண்பையைக் கண்டறிந்தார். செல்லுக்குள் தேய்ந்த பொருள்களையும் மிகைப் பொருள்களையும் வாங்கி, அமிலச் சூழலில் சிதைத்து, மறுபயனுக்கு வெளியே விடும் இடம் அது. அதே நகரில் ஆய்வு செய்துவந்த ஆன்றி எர், 1963-இல், பாம்பே நோயுற்ற குழந்தைகளிடம் அந்நுண்பைக்குள் கிளைக்கோஜனைச் சிதைக்கும் அமில ஆல்பா குளுக்கோசிடேஸ் என்னும் நொதி இல்லை என்று நிறுவினார். லைசோசோமில் ஒரு பொருள் தேங்குவதால் நோய் வரும் என்பது இதன் வழியாகவே முதன்முதலில் தெளிவாயிற்று. இன்று அவ்வகை நோய்கள் ஐம்பதுக்கும் மேல்.

திருவரங்கத்தாருக்கு இத்தேக்கத்தை விளங்கவைப்பது கடினமன்று. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், வெள்ளக் காலத்தில் மிகை நீரைத் தான் வாங்கிக்கொள்வதால்தான் திருவரங்கத் தீவும் அதன் கரைகளும் தப்புகின்றன. ஆர்தர் காட்டன் 1836-இல் அங்கே மேலணையைக் கட்டியதும், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டபோது ஊர் பதைத்ததும், அந்த வடிகாலின் ஒழுங்கு எத்தனை இன்றியமையாதது என்பதை இப்பகுதி மக்களுக்கு உணர்த்தியவை. பாம்பே நோயில் வடிகால் என்றுமே திறப்பதில்லை. நாள்தோறும் லைசோசோமுக்குள் புகும் கிளைக்கோஜன் மிகச் சிறிய அளவே. ஆனால் புகுந்தது வெளியேறுவதில்லை. நுண்பைகள் உப்பி, வெடித்து, சுருங்கி விரியும் தசைநார்களை ஒதுக்கித் தள்ளுகின்றன. எக்கோவில் தடித்துத் தெரியும் சுவர் உழைப்பால் திரண்ட தசை அன்று. வலுவிழந்த தசைக்குள் பொதிந்து கிடக்கும் சர்க்கரையே அந்தத் தடிப்பு.

நொதி அறவே இல்லாத குழந்தைகளிடம் நோய் முதல் சில மாதங்களிலேயே வெளிப்படுகிறது. பால் குடிக்கையில் குழந்தைக்கு மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், எடை ஏறாது. தூக்கினால் கைகால்கள் துணிபோலத் துவளும், தலை நிற்காது. நாக்கு சற்றுப் பெரிதாக வெளியே தெரியும். வீட்டார் முதலில் சொல்வது 'சளி விடவே மாட்டேன் என்கிறது' என்பதே. மார்ச்சளிக்காக எடுக்கப்படும் மார்பு எக்ஸ்ரேயில்தான் இதயம் நெஞ்சுக்கூட்டின் பெரும்பகுதியை அடைத்து நிற்பது பல குழந்தைகளிடம் தற்செயலாகத் தெரிய வருகிறது. இ.சி.ஜி.யில் இரண்டு அடையாளங்கள் சேர்ந்து காணப்படும்: மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் செல்லும் இடைவெளி இயல்பைவிடக் குறுகியிருக்கும்; கீழறையின் அலைகள் தாளின் கட்டங்களைத் தாண்டும் அளவுக்கு உயர்ந்திருக்கும். துவண்ட குழந்தை, தடித்த இதயம், இந்த இ.சி.ஜி. ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் பாம்பே நோயைச் சந்தேகியாமல் விடுவது பெரும்பிழை. ஏனெனில் சிகிச்சை பெறாத குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. நொதி ஓரளவு எஞ்சியிருப்போருக்கு நோய் பிற்காலத்தில் இடுப்பு, தொடைத் தசைகளின் தளர்ச்சியாகவும் மூச்சுத் தசைகளின் தளர்ச்சியாகவும் வரும். அவர்களிடம் இதயம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

சிகிச்சை என்பது இல்லாத நொதியை வெளியிலிருந்து ஊட்டுவது. இது கேட்பதற்கு எளிதெனினும், இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்படும் நொதி இரத்தத்திலிருந்து தசைச்செல்லுக்குள்ளும், செல்லுக்குள்ளிருந்து லைசோசோமுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். அதற்குரிய முகவரிச் சீட்டாக, மேனோஸ்-6-பாஸ்பேட் என்னும் சர்க்கரைக் குறி அந்நொதியின்மேல் இருத்தல் வேண்டும். செல்லின் புறத்தே உள்ள ஏற்பிகள் அக்குறியைக் கண்டே உள்ளே விடுகின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 1999-இல் தொடங்கிய முதல் முயற்சியில், மரபணு மாற்றப்பட்ட முயல்களின் பாலிலிருந்து இந்நொதி எடுக்கப்பட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. பின்னர் வெள்ளெலியின் செல்களில் உற்பத்தியான ஆல்குளுக்கோசிடேஸ் ஆல்ஃபா, 2006-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மில்லிகிராம் வீதம், வாழ்நாள் முழுவதும் இது செலுத்தப்பட வேண்டும். சில மாதங்களில் இதயச் சுவரின் தடிப்பு குறைந்து வருவதை எக்கோவிலேயே காண முடிகிறது. இதயநோய் மருத்துவத்தில் இத்தகைய மீட்சி அரிது. கைகால் தசைகள் அந்த அளவுக்குத் திரும்புவதில்லை என்பதையும், நொதியைத் தம் உடல் சிறிதளவும் செய்தறியாத குழந்தைகள் மருந்தையே அயற்பொருளாகக் கருதி எதிர்ப்புப் புரதம் உண்டாக்குவதால் அவர்களுக்கு அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் தொடக்கத்திலேயே வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

தமிழகத்தில் தடித்த இதயத்துக்கு மற்றொரு மரபணுக் காரணமும் உண்டு; அதன் வரலாறு மதுரையோடு பிணைந்தது. இதயத் தசைநார்களைக் கட்டி நிறுத்தும் மையோசின் பிணைப்புப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், தெற்காசிய மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் இருக்கிறது என்பதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெ. தண்டபாணியும், ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கு. தங்கராஜும், அவர்களோடு இணைந்தோரும் 2009-இல் வெளியிட்டனர். அது வேதிக்குறை அன்று, கட்டுமானக் குறை. பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னரே இதயத்தைத் தளர்த்துவது. எக்கோவில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே படத்தைத் தரலாம் என்பதே இங்கே கருதத்தக்கது: கட்டுமானக் குறைக்கு நொதி ஊட்டுவதால் பயனில்லை, வேதிக்குறையைக் கட்டுமானக் குறையென்று எண்ணியிருந்தால் கையிலிருந்த மருந்துக்கான காலம் கழிந்துவிடும். இவ்வாறே, பெரியவர்களிடம் இதயத் தடிப்பாகத் தோன்றும் ஃபேப்ரி நோயையும் மறத்தலாகாது. இளமை முதலே உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிவதும், வியர்வை மிகக் குறைந்திருப்பதால் வெயில் தாங்காமையும் அதன் முன்னறிகுறிகள்; திருச்சியின் சித்திரை வெயிலில் எல்லாரும் துவளும்போது ஒருவர் மட்டும் வியர்க்காமல் துவள்வதை யாரும் நோயாக எண்ணுவதில்லை.

இவற்றுள் மிக மலிவாகத் தீரக்கூடியதும், அதனாலேயே தவறவிடப்படும்போது மிகுந்த வருத்தம் தருவதும் கார்னிட்டின் குறைபாடு. கொழுப்பு அமிலங்கள் எரிக்கப்படும் இடம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. நீண்ட கொழுப்பு அமிலங்களை அதன் சுவருக்குள் ஏற்றிச்செல்லும் படகு கார்னிட்டின். இறைச்சியிலிருந்து 1905-இல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் இறைச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் இது பெயர்பெற்றது என்றாலும், மரக்கறி உண்போருக்கும் உடல் தானே இதைச் செய்துகொள்கிறது. மரக்கறி உணவால் இந்நோய் வருவதில்லை. கார்னிட்டினைச் செல்லுக்குள் இழுக்கும் புரதம் பிறவியிலேயே பழுதாக அமைந்தவர்களுக்கு, அது சிறுநீரகத்தில் தங்காமல் வெளியேறிவிடுகிறது. இரண்டு முதல் நான்கு வயதுக்குள் குழந்தையின் இதயம் விரிந்து தளர்கிறது. வட அட்லாண்டிக்கின் ஃபேரோ தீவுகளில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவருக்கு இக்குறை இருப்பது தெரியவந்தது; சிறு தீவுகளுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக நடந்த மணவுறவுகள் அதற்குக் காரணம். மருந்து, வாய்வழியாகக் கொடுக்கும் கார்னிட்டின் மட்டுமே. அதைத் தொடங்கிய சில மாதங்களில் இதயம் இயல்புக்குத் திரும்புகிறது, வாழ்நாள் முழுவதும் அதை நிறுத்தாமலிருந்தால் போதும். விரிந்த இதயத்தோடு வரும் ஒரு குழந்தைக்கு, காரணம் தெரியவில்லை என்ற முடிவுக்கு வருமுன், இரத்தத்தில் கார்னிட்டின் அளவைப் பார்க்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இக்குறைக்கும், கொழுப்பை எரிக்கும் நொதிகளின் பிற குறைகளுக்கும் பட்டினியே பெரும்பகை. உணவு நின்ற சில மணி நேரங்களில் உடல் கொழுப்புக்கு மாறும். அந்த வழி அடைபட்டிருக்கும் குழந்தைக்கு இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். மார்கழியில் வைகுந்த ஏகாதசி நோன்பு நோற்பது திருவரங்கத்தின் வாழ்வோடு கலந்தது. சிறு குழந்தைகளுக்கும் நோயுற்றோருக்கும் நோன்புக் கட்டாயம் இல்லை என்பதும் அதே மரபு சொல்வதே. ஆயினும் பரமபத வாசல் திறக்கும் விடியற்காலைக் கூட்டத்துக்காக நள்ளிரவிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் பெற்றோர், நோன்பு எண்ணமே இன்றி, இரவு முழுவதும் அதற்கு உணவு கொடுக்காமல் கழித்துவிடக்கூடும். காய்ச்சலும் வாந்தியுமாக ஒரு நாள் உண்ணாமல் கிடப்பதும் இத்தகையதே. குறை கண்டறியப்பட்ட குழந்தை எத்தனை மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருக்கலாகாது என்பதை, வீட்டுப் பெரியவர்கள் உட்பட எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

திருமண உறவுக்கு வரும்போது கணக்கையே முன்வைப்பது நேர்மையானது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றின்படி, தமிழ்நாட்டுத் திருமணங்களில் ஏறத்தாழ 28 விழுக்காடு இரத்த உறவினரிடையே நடந்தவை. இந்தியா முழுமைக்கும் அது 11 விழுக்காடு. பாம்பே நோய் 40,000 பிறப்புகளில் ஒன்று என்னும் வழக்கமான மதிப்பீட்டைக் கொண்டால், பழுதான மரபணுப் படி 200-இல் ஒன்று என்றாகிறது. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால், குழந்தைக்கு ஒரே மூதாதையிடமிருந்து இரு படிகளும் வந்து சேரும் வாய்ப்பு 16-இல் ஒன்று. தாய்மாமனை மணந்தால் 8-இல் ஒன்று. இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால், முன்னதில் ஏறத்தாழ 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கும், பின்னதில் 1,500 குழந்தைகளில் ஒன்றுக்கும் இந்நோய் நேரலாம். சொந்தத்தில் மணந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே இருப்பதற்கும், மிக அரிய நோய்களைத் தேடும் மருத்துவர் முதலில் 'சொந்தமா?' என்று கேட்பதற்கும் இந்த ஒரே கணக்கு விளக்கம் தருகிறது. கோத்திரம் வேறு என்பதால் அச்சமில்லை என்ற கருத்து திருவரங்க வீதிகளில் ஆழமாக வேரூன்றியது. கோத்திரம் தந்தை வழியில் மட்டும் செல்வது. தாய்மாமனும் மருமகளும் கோத்திரத்தால் வேறுபட்டும் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொண்டும் இருக்கிறார்கள். உறவே இல்லாத இருவர் மணந்தாலும், ஒரே சிறு சமூகத்துக்குள் பல தலைமுறை மணவுறவு தொடர்ந்திருந்தால் அந்த இடரில் ஒரு பகுதி எஞ்சுகிறது. 2017-இல் வெளியான, தங்கராஜும் பங்கேற்ற ஆய்வு ஒன்றில், பார்க்கப்பட்ட 263 தெற்காசியச் சமூகங்களுள் 81 சமூகங்களில், சில மூதாதையரிடமிருந்தே பெருகியதன் அடையாளம் பின்லாந்தியரிடம் உள்ளதைவிட வலுவாக இருந்தது. சொந்தத்தில் மணந்ததைக் குற்றமாகச் சுமத்துவது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின்மீது இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். மணத்துக்கு முன்னும் கருவுறுமுன்னும் குடும்ப வரலாற்றை வெளிப்படையாகப் பேசுவதற்கே அந்த அறிவு பயன்பட வேண்டும்.

பரிசோதனைக்கு வேண்டியது குதிகாலில் எடுத்த சில துளி இரத்தம். ராபர்ட் குத்ரி 1963-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த வடிதாள் அட்டையில் அதை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தபாலில் அனுப்பலாம். நொதியின் அளவை அவ்வட்டையிலிருந்தே முதற்கட்டமாகப் பார்த்து, மரபணுச் சோதனையால் உறுதி செய்துகொள்ளலாம். தைவான் 2005 முதல், பிறந்த குழந்தைகளிடம் பாம்பே நோயை இவ்வாறே தேடிவருகிறது. அங்கே அறிகுறி முற்றுமுன் மருந்து தொடங்கிய குழந்தைகள் தாமே நடக்கக் கற்றார்கள். திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ, எந்தத் தனியார் குழந்தை மருத்துவரிடமோ இந்தத் துளி எடுக்கப்படலாம். அதற்காகச் சென்னைக்கு 320 கிலோமீட்டர் பயணம் தேவையில்லை. மருந்துக்கான அரசு உதவிக்குத்தான் சிறப்பு மையத்தின் வழியே செல்ல வேண்டும். தமிழகத்தில் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனை அவ்வாறு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கை, 2022-இல் திருத்தப்பட்டு, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவ இடம் தந்தது. அது பெருந்தொகைதான், ஆனால் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு முறைக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் நான்கும், ஆண்டுக்கு 26 முறையாக 104 குப்பிகளும் வேண்டும், இருபது கிலோவானால் அது 208. குழந்தை வளர்வதையே செலவாக எண்ணி அஞ்ச வேண்டிய நிலையில் எந்தப் பெற்றோரையும் விட்டுவைக்கக் கூடாது. வாழ்நாள் மருந்துக்கு வரம்பிட்ட தொகை பொருந்தாது.

ஒரு குழந்தையை இழந்த அல்லது காத்துவரும் பெற்றோருக்கு, அடுத்த ஒவ்வொரு கருவிலும் இந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. முதல் குழந்தையின் மரபணு மாற்றம் எழுத்தில் பதிவாகியிருந்தால், 11 முதல் 13 வாரத்துக்குள் நச்சுக்கொடியின் சிறு துணுக்கைக் கொண்டு கருவின் நிலையை உறுதியாகச் சொல்ல முடியும். இந்தியாவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வளர்சிதை மாற்ற நோய்களுக்காக இதை அனுமதிக்கிறது. ஆகவே, காப்பாற்ற முடியாத நிலையில் வந்து சேர்ந்த குழந்தையிடமிருந்தும் அந்த ஓர் அட்டை இரத்தம் எடுத்து வைக்கப்பட வேண்டும். கனடாவில் இரு பெண் மக்களை இந்நோய்க்குப் பறிகொடுத்திருந்த ஒரு குடும்பத்தின் அடுத்த கருவுக்கு, 24-ஆம் வாரம் முதல் தொப்புள்கொடியின் இரத்தக் குழாய் வழியாக ஆறு முறை நொதி செலுத்தப்பட்டதை 2022-இல் மருத்துவ உலகம் அறிந்தது. அக்குழந்தை இயல்பான இதயத்தோடு பிறந்து, உரிய வயதில் நடந்தது. தமக்கையர் இருவரின் நோய் முன்பே பெயரோடு பதிவாகியிருந்ததால்தான் மருத்துவர்களால் அந்த 24-ஆம் வாரத்திலேயே மருந்தைத் தொடங்க முடிந்தது.